உள்ளே ஆள் இருக்கிறார்

‘எல்லாம் விதி’ என்று கடைசியாக எந்த வீட்டு வாசலில் நின்று சொன்னீர்கள்? நினைவிருக்கிறதா? சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டீர்கள். அந்த வீட்டில் இருந்தவள் அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று ஒருமுறையாவது போய்ப் பார்த்தீர்களா?

அப்படி ஒரு வீட்டில் இருந்த ஒருத்தியின் கதை இது.

அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். அழுக்குத் துணி இயந்திரத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பதுதான் வேலை. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டில் பேனா இருக்கும். நர்ஸ் உடுப்பில் கத்தரிக்கோல் இருக்கும். ஒருமுறை ஒரு பல்செட் சிரித்துக்கொண்டே வந்தது. கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, மேலே பட்டியல் எழுதி, முத்திரை குத்தி வைக்க வேண்டும். உரியவர் வந்த பிறகு, இன்னொருவர் கண் முன்னால்தான் உறையைப் பிரிக்கலாம். ஒரு பேனாவின் மை ஐம்பது கோட்டைக் கெடுத்துவிடும். பதினோரு ஆண்டில் ஒரு பேனாவையும் அவள் தவறவிட்டதில்லை. ‘பாக்கெட் அக்கா’ என்றால்தான் அங்கே அவளைத் தெரியும்.

கணவன் லிப்ட் மெக்கானிக். அந்த வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவதற்கு முன், மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். பூட்டு தொங்கினால், உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். யாருடைய பூட்டு என்று தெரிய ஆளுக்கொரு வண்ணம் பூசியிருப்பார்கள். நாளடைவில் வண்ணமே ஆளின் பெயராகிவிட்டது. அவள் கணவன் சிவப்பு. அவனோடு எப்போதும் ஜோடியாக வேலைக்குப் போனவன் பச்சை.

அன்று காலை அவள் அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சிவப்பு கேட்டான்.

“என் பூட்டைப் பாத்தியா?”

“உங்க பூட்டுக்கெல்லாம் நான் காவல் நிக்க முடியுமா? எனக்கு பஸ் போயிடும். தேடிப் பாருங்க.”

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. மதியம் மூன்று மணிக்கு, ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், அவன் குழிக்குள் இருந்தபோது மின்சாரம் வந்தது. லிப்ட் கீழே இறங்கியது.

வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். நேரம் வந்துவிட்டால் யாரால் தடுக்க முடியும் என்றார்கள். ஏழு மாடிக் கட்டடத்தில் அணைத்து வைத்த சுவிட்ச் எப்படித் தானாக எழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. விதியை விசாரணைக்குக் கூப்பிட முடியாது, சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால்தான் அந்தச் சொல்லை இவ்வளவு செல்லமாக வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

அவன் உடுப்பிலும் உடம்பிலும் இருந்தவற்றை ஆஸ்பத்திரியில் ஒரு முத்திரை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஆயிரம் உறைகளுக்கு முத்திரை குத்திய கை அதைத் திறக்க மறுத்தது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் குளியலறையில் நாற்றம் வந்தது. விபத்துக்கு முந்தைய நாள் அவன் கழற்றிப் போட்ட கால்சட்டையை, விபத்தன்று காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் வாளியில் ஊறப்போட்டிருந்தாள். அப்படியே கிடந்தது. பிழியத் தூக்கினாள். கனத்தது. பாக்கெட்டில் கைவிட்டாள்.

சிவப்புப் பூட்டு.

ஊரார் துணியின் பாக்கெட்டையெல்லாம் பார்த்தவள் சொந்தக் கணவனின் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. பூட்டில்லாமல் போனான், பூட்டில்லாமல் இறங்கினான், செத்தான். கணக்கு அவளுக்கு அந்தக் குளியலறைத் தரையிலேயே முடிந்துவிட்டது. பூட்டைத் துடைத்து, பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவின் அடியில் புதைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் லிப்ட் கம்பெனி ஆள் ஒரு தாளோடு வந்தார். ‘பூட்டு மாட்டாமல் குழிக்குள் இறங்கினார். சொந்தக் கவனக்குறைவு.’ கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

“சும்மா ஒரு சம்பிரதாயம்மா. விசாரணை அன்னிக்கு இதைக் குடுத்துட்டா சீக்கிரம் முடிஞ்சுடும். உங்களையும் அலைய விட மாட்டாங்க.”

அவள் பேனாவை வாங்கிவிட்டாள். குறுக்கே வந்து பிடுங்கியவள் நாத்தனார். பஸ் கண்டக்டர். துக்கத்துக்கு மூன்று நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள் பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டாள்.

“எங்க அண்ணன் வீட்டுக் கதவையே மூணு தடவை இழுத்துப் பாக்குறவன். அவன் பூட்டாம இறங்கினானா? எறங்குங்க சார். உங்க ஸ்டாப்பிங் வந்துடுச்சு.”

எல்லாரும் அந்தத் தாளைப் பொய் என்று நினைத்தார்கள். அவள் ஒருத்திதான் அதை உண்மை என்று நம்பினாள்.

அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். நாத்தனார் தட்டோடு எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

“பசிக்கல.”

“உங்களுக்குப் பசிக்கலைன்னா போங்க அண்ணி, எனக்குப் பசிக்குது. நீங்க சாப்பிடாம நான் மட்டும் சாப்பிட்டா ஊரு என்னத்தான் திட்டும். நாத்தனாருங்களுக்கு ஏற்கனவே நல்ல பேரு பாருங்க. என் மானத்தைக் காப்பாத்தவாவது நாலு வாய் போடுங்க.”

அவள் நாலு வாய் போடுவாள். உன் அண்ணனைக் கொன்றவளுக்குத்தான் நீ சோறு போடுகிறாய் என்று சொல்ல நாக்கு எழும். சொல்லிவிட்டால் இந்த ஒருத்தியும் போய்விடுவாள். விழுங்குவாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இன்னொன்று நடந்தது. மேசை மேல் கோட்டு வந்தது. கையைப் பாக்கெட்டருகே கொண்டுபோனாள். போகவில்லை. விரல்கள் விறைத்து நின்றன. கோட்டுகள் குவிந்தன. பிரிவின் தலைவர் எட்டிப் பார்த்து, “முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் போட்டுக்கலாம்” என்றுவிட்டுப் போனார். துணிக்குக் கஞ்சி போடும் கஞ்சி அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்த கோட்டுகளின் பாக்கெட்டுகள் எல்லாம் ஏற்கனவே வெளியே இழுக்கப்பட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு வந்தன. கிடைத்த பேனாக்கள் தனியே ஒரு தட்டில் இருந்தன.

“என்னக்கா இது?”

“என்னத்தக் கேக்குற? டாக்டருங்க திருந்திட்டாங்க போல. அவங்களே பாக்கெட்டைக் காலி பண்ணி அனுப்புறாங்க.”

“டாக்டருங்களா?”

“ஆமா. நிறைய படிச்சவங்க இல்லையா, கொஞ்சம் லேட்டாத்தான் புரியும்.”

பக்கத்தில் இருந்த மூன்று பெண்களும் இயந்திரத்தைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பாதியை அவர்கள் நால்வரும் இதற்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். அவளிடம் நன்றியை எதிர்பார்க்கவில்லை. காரணம்கூடக் கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் மொட்டை மாடியில், காயும் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, அவள் கைப்பிடிச் சுவர் ஓரமாக வெகுநேரம் நின்றாள். இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்பதற்கு மேல் அவள் மனதில் ஒன்றுமில்லை. கஞ்சி அக்கா வந்தாள். ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவள் கையில் திணித்தாள்.

“பிடி. ஒத்தை ஆளா மடிக்க முடியாது.”

அறுபது விரிப்புகள் மடித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் நெருங்கி வரவேண்டும், முனையைக் கைமாற்ற வேண்டும், விலக வேண்டும். அறுபதாவதை மடித்ததும் கஞ்சி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனாள். அதற்குப் பிறகு அவளைத் தனியாக மாடிக்கு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சை வருவான். வாசலிலேயே நிற்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். குழாயை மாற்றுவான், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவான், போய்விடுவான்.

“குழாய் ஒழுகல, கதவு கத்தல” என்பாள் நாத்தனார். “இன்னிக்கு எதை ரிப்பேர் பண்ணப் போறீங்க அண்ணே? என் வாயையா?”

“அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதும்மா” என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போவான்.

அப்படி ஒரு ஞாயிறு. விசாரணை அடுத்த புதன்கிழமை என்று கடிதம் வந்திருந்தது. அவள் முடிவு செய்திருந்தாள்: தாளில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், அதோடு எல்லாம் முடியட்டும். பச்சை மின்விசிறியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு திருகாணி உருண்டு எங்கோ போய்விட்டது. ஏதாவது கிடைக்குமா என்று அலமாரியிலிருந்த தகர டப்பாவை எடுத்துத் தரையில் கவிழ்த்தான். பொத்தான்களோடு சிவப்புப் பூட்டு விழுந்தது.

அவள் குனிந்து பூட்டைக் கையில் எடுத்தாள்.

“நான்தான்” என்றாள் அவள். “நான்தான் பாக்கெட் பாக்காம ஊறப்போட்டேன். அவர் பூட்டு இல்லாம இறங்கினது என்னாலதான். அந்தத் தாள்ல இருக்கிறது நிஜம். என்னத் திட்டுங்க, அடிங்க, எதாவது செய்யுங்க.”

பச்சை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்துபோய்த் தன் கருவிப் பையின் அடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து வந்து அவிழ்த்தான். உள்ளே ஒரு பச்சைப் பூட்டு. அதன் வளையம் வெட்டப்பட்டிருந்தது.

“அண்ணி, அவன் பூட்டு இல்லாம இறங்கல. என் பூட்டை மாட்டிட்டு இறங்கினான்.”

அவன் சொன்னது இதுதான். பூட்டு முந்தைய நாள் கால்சட்டைப் பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது என்று சிவப்புக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. பச்சை தன் பூட்டைச் சாவியோடு கொடுத்தான். சிவப்பு மாட்டினான், மூன்று முறை இழுத்துப் பார்த்தான், சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினான். பச்சை எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். மேலே படிக்கட்டில் அலுவலகக்காரர்கள் லிப்ட் எப்போது வரும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். லிப்ட் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். சுவிட்சில் பச்சைப் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால் பச்சை டீக்கடையில் நிற்கிறான். வேலையை முடித்தவன் பூட்டை எடுக்க மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினார். பூட்டை வெட்டும் கட்டரை எடுத்தார்.

“ரூல் என்ன தெரியுமா அண்ணி? பூட்டை வெட்டுறதுக்கு முன்னாடி பூட்டுக்காரனக் கூப்பிடணும். குழியில இறங்கி எட்டிப் பாக்கணும். நான் நாப்பது அடி தூரத்துல நிக்கிறேன். ஒரு குரல் குடுத்திருந்தா போதும். ஒரே ஒரு குரல்.”

“அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?” அவள் குரல் கிழிந்தது. “மூணு மாசம். தினம் செத்தேன் நான். நீங்க வந்து குழாய மாத்திட்டுப் போனீங்க.”

“ஒருத்தன் பூட்ட இன்னொருத்தன் போடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. ‘வாயத் திறந்தா நீதான் கொலைகாரன்’னு சூப்பர்வைசர் சொன்னாரு. நானும் அப்படித்தான் நம்பினேன். என் பூட்டக் குடுக்காம இருந்திருந்தா அவன் வேலையே வேணாம்னு வெளிய வந்திருப்பான். வெட்டின பூட்டைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வெச்சுக்கிட்டேன். எதுக்குன்னு தெரியல. தூக்கிப் போட முடியல.”

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“அவன் கோவமா இல்ல அண்ணி. சிரிச்சான். ‘பாக்கெட் அக்கா வீட்டு பாக்கெட்ட மட்டும் பாக்க மாட்டாடா. ஆஸ்பத்திரில டாக்டர் பேனாவுக்குக் கிடைக்கிற மரியாதை என் பூட்டுக்கு இல்ல’ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டேதான் இறங்கினான்.”

அவள் அழுதாள். மூன்று மாதத்தில் அப்படி அழவில்லை. நாத்தனார் அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாகப் பச்சையைப் பார்த்துச் சொன்னாள்.

“இவங்க துணி துவைச்சாங்க. நீங்க பூட்டு குடுத்தீங்க. சரி. துணி துவைச்சா கட்டர் தானா நடந்து வருமா? பூட்டு குடுத்தா சுவிட்ச் தானா ஏறுமா? போட்டவன் கை ஒண்ணு இருக்குல்ல? அந்தக் கைய விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கயித்தக் கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு பூட்டை வெட்டியவர் இருக்கிறார். அவரை அவசரப்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். குற்றவுணர்ச்சியில் வெந்தவர்களோ ஒரு சலவைக்காரியும் ஒரு மெக்கானிக்கும். இந்த ஏற்பாடு யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“சாவி எங்க?”

“அவன் பாக்கெட்ல போட்டான்னு சொன்னேனே.”

அவள் அலமாரியின் துணிகளை வாரி இறைத்தாள். அடியில் அந்த உறை இருந்தது. முத்திரை உடையவில்லை. மேலே பட்டியல்: கைக்கடிகாரம் ஒன்று, கைக்குட்டை ஒன்று, சாவி இரண்டு. மூன்று மாதமாக அந்த வரி அவள் வீட்டில்தான் இருந்திருக்கிறது. நாத்தனார் பிரிக்கப் போனாள். அவள் நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டாள்.

“பிரிக்காத. இங்க பிரிச்சா நாமளே சாவியப் போட்டோம்னு சொல்லுவாங்க. முத்திரை அவங்க முன்னாடிதான் உடையணும்.”

பதினோரு ஆண்டு வேலை பேசியது. நாத்தனார் கையை எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விசாரணை அறையின் வெளியே சலவைப் பிரிவின் நான்கு பெண்களும் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கஞ்சி அக்காவின் கைகளில் கஞ்சியின் வெள்ளை இன்னும் காயவில்லை. உள்ளே, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் விசாரணை அதிகாரி. சூப்பர்வைசர் பூட்டே மாட்டப்படவில்லை என்று சொல்லி முடித்தார். அவள் சிவப்புப் பூட்டை மேசை மேல் வைத்தாள்.

“இது எங்க வீட்டுல இருந்துச்சு மேடம். அன்னிக்கு அவர் எடுத்துட்டுப் போகல.”

“பாத்தீங்களா மேடம்! அவங்களே சொல்லிட்டாங்க!” என்று சூப்பர்வைசர் துள்ளினார்.

“பொறுங்க சார்” என்றாள் நாத்தனார். “வண்டி இன்னும் கிளம்பவே இல்ல.”

அவள் உறையை நீட்டினாள். அதிகாரி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பட்டியலைப் படித்தார், உடைத்தார். “நீங்களே எடுங்கம்மா” என்றார்.

உள்ளே கைவிட வேண்டும். அவள் விரல்கள் விறைத்தன. வாசலில் கஞ்சி அக்கா தெரிந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஒரு விரிப்பின் முனைகளைப் பிடித்துக் காட்டினாள்.

கை உள்ளே போனது. கடிகாரம். கைக்குட்டை. கழுத்துக் கயிற்றோடு சிவப்புச் சாவி. கடைசியாக, தலையில் பச்சை பூசிய ஒரு சின்னச் சாவி.

பச்சை எழுந்து வந்து வெட்டுப்பட்ட பூட்டை அதன் பக்கத்தில் வைத்தான். “நான்தான் மேடம் குடுத்தேன். ரூல் மீறினேன். எழுதிக்குங்க” என்றான். அதிகாரி சாவியைப் போட்டுத் திருப்பினார். வெட்டுப்பட்ட வளையம் துள்ளி எழுந்தது.

கம்பெனி கொடுத்த தாளில் இருந்த ‘சொந்தக் கவனக்குறைவு’ என்ற வார்த்தைகள் மேல் அதிகாரி ஒரு கோடு இழுத்தார். கிடைத்தது அவ்வளவுதான். பூட்டைக் கடன் கொடுத்ததற்காகப் பச்சையை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் இன்னொரு கட்டடத்தில் இன்னும் வேலை பார்க்கிறார். பூட்டை வெட்டியது பச்சையேதான் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார். அடுத்த விசாரணை இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. அவளுக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. நாத்தனார் இன்னும் தட்டோடு எதிரில் உட்காருகிறாள். ஆனால் அந்த முதல் விசாரணைக்கு மறுநாள் மேசைக்கு வந்த முதல் கோட்டை அவள் கஞ்சி அக்காவிடமிருந்து பிடுங்கி, தானே கைவிட்டாள். பேனா கிடைத்தது.

“போச்சு, டாக்டருங்க பழையபடி கெட்டுப்போயிட்டாங்க” என்றாள் கஞ்சி அக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டரோடு சுவிட்சுக்குப் போனவர் யார் என்று சொல்லச் சாட்சி வேண்டும். அன்று படிக்கட்டில் பதினேழு பேர் நின்றார்கள். கையில் கைப்பை, சாப்பாட்டு டப்பா, கடிகாரத்தில் கண். லிப்ட் ஏன் வரவில்லை என்று கத்தியவர்கள் அவர்கள்தான். அவர் போனதைப் பார்த்தவர்களும் அவர்கள்தான். அவர்களில் சிலர் அவள் வீட்டுக்கு வந்து விதி என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் இதுவரை சாட்சி சொல்ல வரவில்லை.

நீங்கள் அந்தப் பதினேழு பேரில் ஒருவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏதோ ஒரு படிக்கட்டில், ஏதோ ஒரு வாசலில், நீங்களும் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஒருத்தி, தான் செய்யாத குற்றத்தைத் தகர டப்பாவில் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்றே போங்கள். கதவைத் தட்டுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்.